ஒன்பது சதவீதம்

"ஐயா, 9 சதவீதம்தான் வந்திருக்கு!" போன வாரம் ஓர் ஆய்வு மாணவர், ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் கணக்கிட்டுத் தரும் ஒப்புமை அறிக்கையை நீட்டியபோது அவர் முகத்தில் பாஸான சந்தோஷம். கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியும் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஆக, 9 என்றால் கொண்டாட்டம்தான்.

அவர் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் படிக்கும்போது எனக்கு இடித்தது. திடீரென்று நடையே வேறு. விசாரித்தால், ஓர் ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி மொழிபெயர்த்திருக்கிறார். எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. "மொழிபெயர்த்தது நான்தானே ஐயா?" என்கிறார். சரி, உழைப்பு அவருடையது. கருத்து?

மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. மொழி மாறினால் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கமோ அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடில் இருக்கும் மூலத்தோடு அதை எப்படி ஒப்பிடும்? இன்னொரு பக்கம், சங்கப் பாடல்களை ஒழுங்காக மேற்கோள் காட்டியவருக்கு எண் எகிறுகிறது. முறையான மேற்கோளைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தராததால் பிள்ளைகள் பயந்துபோய் மேற்கோளையே வெட்டுகிறார்கள். அல்லது காசு கொடுத்துச் சொற்களை மாற்றி வாங்குகிறார்கள்.

"நாட்டுடைமை ஆன நூல்தானே, எடுத்தால் என்ன?" என்றும் கேட்பார்கள். பதிப்புரிமை வேறு, கருத்துத் திருட்டு வேறு. பாரதி பாடல்களை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? அதேபோல, உரிமையுள்ள நூலிலிருந்தும் ஆய்வுக்காக நியாயமான அளவு எடுத்தாள 1957 பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால், எடுக்கக் கூடாததை எடுக்கிறார்கள், தாராளமாக எடுக்கலாம் என்பதைத் தொடப் பயப்படுகிறார்கள்.

உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகள் எங்கெங்கிருந்து கிடைத்தன என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார். அவரை எந்த மென்பொருள் மிரட்டியது?

மாணவரிடம் இதையெல்லாம் சொல்லி, அந்த ஆங்கிலக் கட்டுரையை அடிக்குறிப்பில் காட்டச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அடிக்குறிப்பு போட்டா சதவீதம் ஏறுமா ஐயா?"