கும்பகர்ணனுக்குத் தூக்கம் வந்தது

நம் குழுவில் வந்த அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேசையில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, பக்கத்தில் பில் கட்டு. மேலே 'எங்க ஆபீஸ் கும்பகர்ணன்' என்று எழுத்து வேறு. நான்தான். சிரிப்புப் பொம்மை போட்ட அத்தனை பேருக்கும் நன்றி.

கும்பகர்ணனுக்குத் தூக்கம் வந்ததய்யா. எனக்கு வரவில்லை. அதுதான் வியாதியே.

பதினொன்றுக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு. அப்புறம் விடிகிறவரை ஃபேன் சத்தம்தான் துணை. வாரத்தில் மூன்று நாளாவது இப்படி, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் போனால், நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் டாக்டர்கள். எனக்கு ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் பார்த்த பத்து நிமிடம் நான்கு ராத்திரியின் பாக்கி.

"வேலை நேரத்தில் தூங்கினால் கடைக்கு நஷ்டமில்லையா?" என்று படத்துக்குக் கீழே கேட்டிருக்கிறார் ஒருவர். நஷ்டம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை. முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மிச்ச நேரத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல் பார்ட்டியின் பில்லில் வேறொருவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுவிட்டேன். கண் திறந்துதான் இருந்தது. பதினான்காம் தேதி அவர் 2பி-யை, அதாவது அவர் பேரில் வந்த கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலை, திறந்து பார்த்தால் பில்லைக் காணோம். போனில் அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அடுத்த மாத ரிட்டர்னில்தான் திருத்த முடிந்தது. அமெரிக்காவில் 2011இல் வந்த ஓர் ஆய்வு, தூக்கமின்மை உள்ள ஊழியரிடம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் உழைப்பு வீணாகிறது என்றது. லீவு போட்டு இல்லை, வேலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டே. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

இன்னொன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பே 0.03தான். இரண்டு மணிக்கு விழித்தவன் மாலை ஏழுக்கு நம் மதுரை ஏ.வி. பாலத்தில் வண்டி ஓட்டும்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் ஊதச் சொன்னால் மிஷினில் ஒன்றும் காட்டாது.

'போனை நோண்டாமல் படுங்க' என்பது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். நாலு மணி டீயையும் நிறுத்திவிட்டேன். ஆனால் ராத்திரி பதினொன்றேகாலுக்கு 'நாளைக்கு ஸ்டாக் லிஸ்ட் ரெடியா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்பது யார்? அதையும் போனை நோண்டுவதில் சேர்ப்பீர்களா?

'உடம்பு வணங்கி வேலை பார்த்தா தூக்கம் தானா வரும்ணே.' சரி தம்பி. என் அப்பா மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். உடம்பு வணங்காமலா? காலையில் அவர் வந்து படுத்தால் அம்மா ஜன்னலில் பழைய சேலையைக் கட்டுவார். கீரைக்காரம்மா எங்கள் வாசல் வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் போய்த்தான் திரும்ப ஆரம்பிப்பார். ஒரு தெருவே சேர்ந்து அவரைத் தூங்கவைத்தது. அப்படியும் புரண்டுகொண்டுதான் கிடப்பார். உழைக்காதவன் என்று அவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

'மனசு சுத்தமா இருந்தா தூக்கம் வரும்' என்று எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

தூங்கா நகரம் என்று நமக்கெல்லாம் ஒரே பெருமை. அந்தக் காலத்திலேயே அல்லங்காடி என்று ராத்திரிச் சந்தை நடத்திய ஊராம். நடுராத்திரி பரோட்டாக் கல் சத்தம் கேட்டால் புல்லரிக்கிறது. ஊர் தூங்காவிட்டால் பெருமை, ஆள் தூங்காவிட்டால் கேலி.

படம் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மேசை இருக்கும் திசையே சொல்கிறது. அவனுக்குக் குழந்தை பிறந்த புதிதில் இரண்டு மாதம் ராத்திரி தூக்கமில்லை. பில் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிடுவான். அவன் என்ட்ரிகளையும் சேர்த்து நான் போட்டேன். ஃபேனைக்கூட அவன் பக்கம் திருப்பி வைத்தேன். என் போனிலும் கேமரா இருந்தது.

குழுவிலிருந்து நான் வெளியேறப் போவதில்லை. படத்தை மட்டும் எடுத்துவிடு தம்பி. என் மகளும் பார்த்துவிட்டாள்.