கல்கிசையில் கரைந்த மணல்

கொழும்பு வெள்ளவத்தையில் ரயிலேறினால் கல்கிசைக் கடற்கரை இரண்டு நிறுத்தம்தான். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவோம். 2020இல் கடலரிப்பைத் தடுக்கவென்று கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தார் கடலடி மணலை உறிஞ்சி வந்து அந்தக் கரையில் பரப்பினார்கள், செலவு கோடிக்கணக்கில். அதுவும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரத்தில்! மே மாதத்தில் இந்தக் கடல் எப்படிச் சீறும் என்று கரையில் வலை உலர்த்தும் எவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். சில வாரங்களில் கணிசமான மணல் அலையோடு போய்விட்டது. அலை கரையின் சரிவைத் தானே திருத்திக்கொள்ளும், போன மணல் கரைக்கு அப்பால் கடலடியில்தான் இருக்கிறது என்றார்கள் அதிகாரிகள். இருக்கலாம். அதை முன்கூட்டியே மக்களுக்குச் சொல்ல என்ன தடை? கரைக்கு மணல் ஊட்டும் களுகங்கை ஆற்றின் மணலை ஒருபக்கம் தோண்டி அள்ளிக்கொண்டே, மறுபக்கம் எத்தனை முறை கொட்டுவது? எங்கள் வரிப்பணம் ஐயா அது!