டென்மார்க் மன்னர் மஞ்சள் நட்சத்திரம் அணியவில்லை

இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்தபோது, யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியச் செய்த மஞ்சள் நட்சத்திரத்தை மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் தாமே அணிந்துகொண்டதால்தான் அந்நாட்டு யூதர்கள் தப்பினார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அழகான கதைதான், ஆனால் நடக்காதது. ஆக்கிரமிப்புக் காலத்தில் டென்மார்க் யூதர்கள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணையே அங்கே பிறப்பிக்கப்படவில்லை. மன்னர் யூத வேட்டையை எதிர்த்தார் என்பது உண்மை. ஆனால் யூதர்களின் மீட்பு ஒரு தனிமனிதரின் செயலன்று.

1943 செப்டம்பர் இறுதியில், கோபன்ஹேகனில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி டுக்விட்ஸ், யூதர்களைக் கைதுசெய்யும் திட்டத்தை டென்மார்க்கின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களிடம் இரகசியமாகச் சொன்னார். அவர்கள் யூதச் சமூகத்தாரை எச்சரிக்க, மறுநாள் காலை வழிபாட்டுக்கு வந்தவர்களிடம் யூத மதகுருவான ராபி மார்கஸ் மெல்கியோர் உடனே ஒளிந்துகொள்ளும்படியும் மற்றவர்களுக்கும் தெரிவிக்கும்படியும் கூறினார். அக்டோபர் 3 அன்று லூத்தரன் தேவாலயங்களில் ஆயர்களின் கண்டன மடல் வாசிக்கப்பட்டது. மருத்துவர்களும் செவிலியர்களும் கோபன்ஹேகனின் பிஸ்பெபியர்க் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கானோரை மறைத்து வைத்தார்கள். சில வாரங்களில் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் படகுகளில் நடுநிலை நாடான ஸ்வீடன் சேர்ந்தார்கள்.

இதையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. மீனவர்களில் பலர் கட்டணம் வாங்கினார்கள், சிலர் பெருந்தொகையே கேட்டார்கள். கையில் பணமில்லாதவர்களுக்காக மற்றவர்கள் நிதி திரட்டினார்கள். கில்லெலெய்யே என்ற கடலோர ஊரில், தேவாலயப் பரணில் படகுக்காகக் காத்திருந்த சுமார் 80 பேரை ஜெர்மானியர் ஓரிரவில் பிடித்துச் சென்றார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தெரேசியன்ஷ்டாட் என்ற நாஜி முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். டென்மார்க் அரசு அதிகாரிகள் அவர்களைப் பற்றி ஜெர்மானியரிடம் விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உணவுப் பொட்டலங்களும் போய்ச் சேர்ந்தன.