அசோசியேட் பட்டம் இல்லாமல் யூசிக்கு மாற முடியாதா?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) மாணவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது: "அசோசியேட் பட்டம் (அங்கே தரும் இரண்டு வருடப் பட்டம்) வாங்கினால்தான் யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாற முடியும்." இது தவறு. இதை நம்பி ஒரு பிள்ளை இன்னொரு வருடம் வீணாக உட்காரக் கூடாது.

யூசி அந்தப் பட்டத்தைக் கேட்பதில்லை. இலையுதிர் பருவத்தில் சேர, அதற்கு முந்தைய வசந்தப் பருவம் முடிவதற்குள் யூசி ஏற்கும் 60 செமஸ்டர் யூனிட் பாடங்கள் (குவார்ட்டர் முறைக் காலேஜ் என்றால் 90 யூனிட்) முடிந்திருக்க வேண்டும். அதில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று கட்டாயம். மாநிலத்தவருக்குக் குறைந்தது 2.4 ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும். போட்டி அதிகமுள்ள துறைகளுக்கு இது போதாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது துறைக்கான முன்பாடங்களைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கால்குலஸ் வரிசையை முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். ஒன்று முடித்தால்தான் அடுத்தது. உங்கள் காலேஜின் எந்தப் பாடம் யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் பார்க்கலாம்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, யூசியிலிருந்து வேறானது) பல்கலைக்கழகங்களுக்கு, மாறுவதற்கென்றே உள்ள தனி அசோசியேட் பட்டம் நிஜமாகவே முன்னுரிமை தருகிறது. அங்கேயும் அது கட்டாயமில்லை.

அப்புறம், பர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ தவிர ஆறு யூசி வளாகங்களில் உத்தரவாதச் சேர்க்கை உண்டு. அதற்கான விண்ணப்பம் செப்டம்பரில் மட்டுமே.