இரண்டு ஜெர்சியும் ஒரு விசாரணையும்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் ஆளாளுக்கு 2016-ல் ஜெயித்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கோப்பையையோ, 2023-ல் அவர் கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிச் சாதனையைத் தாண்டியதையோதான் எடுப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது இரண்டு ஜெர்சிகள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஓஹாயோவில் அக்ரன் என்ற ஊர். லெப்ரான் பிறந்தபோது அம்மா குளோரியாவுக்கு வயது 16. வீடு மாறி வீடு மாறி ஓடிய வாழ்க்கையில், நான்காம் வகுப்பில் 80 நாளுக்கு மேல் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. ஃபிராங்க் வாக்கர் என்று ஒரு கோச், அதுவும் அமெரிக்கக் கால்பந்து கோச், பையனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஒரு நாள்கூட லீவு போடவில்லையாம். திறமை திறமை என்கிறோமே, அந்த வீட்டில் ஒரு கட்டில் கிடைக்காமல் போயிருந்தால் திறமை என்ன செய்திருக்கும்?

அப்புறம் செயின்ட் வின்சென்ட்-செயின்ட் மேரி பள்ளி. சின்ன வயதுக் கூட்டாளிகள் மூன்று பேரோடு சேர்ந்தே அங்கே போனான். நான்கு வருடத்தில் மூன்று முறை மாநிலக் கோப்பை. 2002 பிப்ரவரியில், பதினோராம் வகுப்புப் படிக்கும்போதே, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற பிரபல விளையாட்டுப் பத்திரிகையின் அட்டையில் படம். இங்கிருந்துதான் கதை எனக்கு எரிச்சலூட்ட ஆரம்பிக்கிறது. கூட்டம் தாங்காமல் பள்ளியின் ஆட்டங்களை அக்ரன் பல்கலைக்கழக அரங்குக்கு மாற்றினார்கள். டிக்கெட் விற்றார்கள். கேபிளில் காசு கட்டிப் பார்க்க வைத்தார்கள். டிசம்பரில் ஓக் ஹில் அகாடமியோடு மோதிய பள்ளி ஆட்டம் நாடு முழுக்க டிவியில் ஓடியது, பையன் 31 புள்ளி அடித்தான். ஆளுக்கு ஆள் சம்பாதிக்கிறார்கள், ஆடுகிறவனுக்கு மட்டும் பைசா கிடையாது, ஏனென்றால் அவன் மாணவன், அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவன்.

18-வது பிறந்தநாளுக்கு அம்மா வங்கியில் கடன் வாங்கி ஒரு ஹம்மர் கார் வாங்கிக் கொடுத்தார். உடனே மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் விசாரணை. தப்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள். சில நாளிலேயே அடுத்தது: ஒரு கடைக்காரர் சுவரில் மாட்ட இவனுடைய போட்டோவை வாங்கிக்கொண்டு இரண்டு பழைய மாடல் ஜெர்சி கொடுத்திருக்கிறார், விலை 845 டாலர். இனி ஆடவே கூடாது என்று தடை! நீதிமன்றம் போய்த்தான் அது இரண்டு ஆட்டத் தண்டனையாகக் குறைந்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் அடித்தது 52 புள்ளி.

2003 மே மாதம் நைக்கி ஷூ கம்பெனியோடு விளம்பர ஒப்பந்தம், ஏழு வருடத்துக்குச் சுமார் 9 கோடி டாலர். ஜூனில் டிராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ஆளாக எடுத்தது பக்கத்து ஊர் கிளீவ்லாந்து அணி. 82 ஆட்டத்தில் 17 மட்டும் ஜெயித்திருந்த அணி அது. அக்டோபரில் சாக்ரமெண்டோவில் முதல் ஆட்டம்: 25 புள்ளி, 9 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தது). பள்ளி முடித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

சரி, பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போய் ஜெயிக்க எல்லோரும் லெப்ரானா என்று கேட்பீர்கள். இல்லைதான். 2001-ல் நியூஜெர்சியில் நடந்த பள்ளி வீரர்கள் முகாமில் லெனி குக் என்ற பையனுக்குத்தான் அப்போது பெரிய பெயர். கடைசி நொடியில் லெப்ரான் ஒரு மூன்று புள்ளி எறிந்து குக்கின் அணியைத் தோற்கடித்தான். அடுத்த வருடம் டிராஃப்டுக்குப் போன குக்கை ஒரு அணிகூட எடுக்கவில்லை. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே போய்விட்டார். இந்த மாதிரிப் பையன்களைக் காட்டித்தான் 2006-லிருந்து டிராஃப்டுக்கு வர 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் ஆக வேண்டும் என்று என்பிஏ விதி போட்டது. அக்கறை என்றார்கள். அப்போதெல்லாம் அந்த ஒரு வருடம் பையன் கல்லூரி அணிக்குச் சம்பளமில்லாமல் ஆடினான், அரங்கு நிறைந்தது, டிவி காசு கல்லூரிக்குப் போனது. இதில் யார் மேல் அக்கறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குக்குக்குத் தேவைப்பட்டது வாக்கர் மாதிரி ஒரு ஆள், விதி இல்லை என்பது என் கட்சி.

2022 அக்டோபரில் லெப்ரானின் மகன் ப்ரானி, இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதே நைக்கியோடு விளம்பர ஒப்பந்தம் போட்டான். அதற்குள் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டிருந்தது. யாரும் விசாரணை வைக்கவில்லை.