"இன்னும் பத்து நிமிஷம்தான்"னு சொல்ற மகராசனுங்களே

இனிமே மலையேறும்போது எவனாவது "இன்னும் பத்து நிமிஷம்தான் மச்சி"ன்னு சொன்னா அங்கேயே உக்காந்துருவேன். ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போகட்டும். முடியலடா சாமி.

ஞாயித்துக்கிழமை ஜெர்மனில அன்வைலர்ங்கிற ஊருக்குப் போனோம். ட்ரிஃபெல்ஸ், அனெபோஸ், ஷார்ஃபென்பெர்க்னு அடுத்தடுத்த குன்னுல மூணு கோட்டை, காட்டுக்குள்ளயே ஒரு ரவுண்டு அடிச்சுட்டு கிளம்புன இடத்துக்கே வந்துடலாம். குரூப்ல வந்த மெசேஜ் என்ன? "ஈஸி வாக், ஸ்டேஷன்ல இருந்தே நடந்துடலாம்." ஸ்டேஷன் கெடக்குறது பள்ளத்தாக்குல, ட்ரிஃபெல்ஸ் நிக்கிறது 494 மீட்டர் உசரத்துல. நடுவுல உள்ளத யார் ஏறுவா, உங்கப்பனா?

சரி, மேட்டருக்கு வரேன். ஏத்தம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கேட்டேன், இன்னும் எவ்ளோடா? முன்னாடி போறவன் திரும்பிக்கூட பாக்கல, "பத்து நிமிஷம்." நடந்தேன். கால் வைக்கிற எடமெல்லாம் மர வேரு, முள்ளோட விழுந்து கெடக்குற செஸ்ட்நட், அது போதாதுன்னு வழுக்குற சிவப்பு மணல்பாறை மணல். ஒரு வளைவு வந்துச்சு, இதுக்கு அந்தப்பக்கம் கோட்டைதான்னு மனச தேத்திக்கிட்டு போனா அங்க இன்னொரு வளைவு. மறுபடி கேட்டேன். "பத்து நிமிஷம்." டேய் முன்னாடி சொன்ன பத்து எங்கடா போச்சு, அதுல ஒண்ணாவது கழிய வேணாமா?

அப்போ எதிர்ல ஒரு தாத்தா பாட்டி இறங்கி வராங்க, எழுபதுக்கு மேல இருக்கும், ரெண்டு கையிலயும் குச்சி, மூஞ்சில ஒரு சொட்டு வேர்வை இல்ல. வெளியாள் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பி என் ஓட்டை ஜெர்மன்ல கேட்டேன். தாத்தா என்னைய தலையில இருந்து ஷூ வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே "நூர் நோஹ் ட்சேன் மினூட்டன்!" அதாவது, இன்னும் பத்து நிமிஷம்தானாம்! அவ்ளோதான், நம்மாளு மூஞ்சியப் பாக்கணுமே, சுப்ரீம் கோர்ட்ல கேஸ் ஜெயிச்ச மாதிரி "பாத்தியா, நான் சொல்லல?" ஐயா தாத்தா, நீங்க இறங்கிட்டு இருக்கீங்க, நான் ஏறிட்டு இருக்கேன், ரெண்டு பேர் கடிகாரமும் ஒண்ணா? இதுல பாட்டி வேற என் தோளத் தட்டிட்டுப் போறாங்க. அந்தத் தட்டுல இருந்த பரிதாபம் இருக்கே, அது இன்னும் வலிக்குது. அப்புறம் ஒருத்தன் ஓடிக்கிட்டே மேல போறான், ஓடிக்கிட்டே! அவனையும் கேட்டுத் தொலைச்சேன். "அஞ்சு நிமிஷம்." போடா.

ஒரு வழியா ட்ரிஃபெல்ஸ். 1193-ல இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட, அதான் அந்த சிங்க நெஞ்சன், இங்கதான் அடைச்சு வச்சாங்களாம். கைதின்னாலும் ராஜா, குதிரையில ஏத்திதான் கூட்டிட்டு வந்திருப்பாங்க. அந்தக் குடுப்பினை நமக்கு உண்டா? அதுல கொடுமை என்னன்னா இப்ப நிக்கிற கட்டடத்துல பெரும்பகுதி 1938-க்கு அப்புறம் திருப்பிக் கட்டுனது. மூச்சு வாங்கி மேல வந்தவனுக்கு இந்தத் தகவல் எவ்ளோ ஆறுதலா இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்தது அனெபோஸ். அதுக்கு மொதல்ல இறங்கணும், ஏன்னா கஷ்டப்பட்டு ஏறுன உசரம் நமக்கு சொந்தமாயிடக் கூடாதுல்ல? இறங்கி, திரும்ப ஏறிப் போனா அங்க கோட்டையே இல்ல. ஒரு பாறை, அதுல வெட்டுன குழிங்க, ஓரமா கொஞ்சம் கல்லு. "இமேஜின் பண்ணிப் பாரு மச்சி"ங்கிறான். இமேஜின் பண்றதுக்கு வீட்ல சோஃபா இருக்கே! ஷார்ஃபென்பெர்க்லயாவது ஒரு கோபுரம் முழுசா நிக்குது, நல்லாவே இருக்கு, ஆனா எதிரி ஏறிடக் கூடாதுன்னு வாசல அந்தரத்துல வச்சிருக்கான். நான் எதிரியெல்லாம் இல்ல சார், கொஞ்சம் உக்காரணும், அவ்ளோதான்.

இதோட விட்டானா? வியூ பாயின்ட்டாம். ரேபெர்க், 577 மீட்டர், மூணு கோட்டையையும் விட உசரம். அங்க இருக்குற டவர்ல ஏறுனா மொத்த கோட்டையும் கண்ணு முன்னாடி நிக்குமாம். ஏறுனேன். வெள்ளை. நாலு பக்கமும் பனி, பக்கத்துல நிக்கிறவன் மூக்கு கூட மங்கலாத்தான் தெரியுது. நம்மாளு அசரவே இல்ல, ஃபோன எடுத்து கூகுள்ல அதே டவர்ல இருந்து எவனோ வெயில்ல எடுத்த ஃபோட்டோவ தேடிப் பிடிச்சு "இப்படித்தான் இருக்கும் பாரு"ன்னு நீட்டுறான். நாங்க அத்தன பேரும், அவ்ளோ உசரத்துல, குளிர்ல, ஒரு ஃபோன சுத்தி நின்னு வியூ பாத்தோம். மொதல்ல ஒருத்தி சிரிச்சா, அப்புறம் எல்லாருக்கும் பிச்சுக்கிச்சு, கைப்பிடிய புடிச்சுக்கிட்டு சிரிக்கிறோம், நிறுத்தவே முடியல. திட்டக்கூட தெம்பு இல்லாம போச்சு.

அத விடுங்க. அதே ஆளு நேத்து எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பிருக்கான், ஆறு நிமிஷம். டைப் பண்ணா வெரல் தேஞ்சுடுமா? பாதி நேரம் காத்து சத்தம், மீதி நேரம் கடையில நின்னு பால் இருக்கான்னு யாரையோ கேக்குறான், கடைசில "சரி அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டான். என்கிட்ட வாங்கிட்டுப் போன பவர் பேங்க எப்ப தருவேன்னு ஒரு வார்த்தை இல்ல.