எல்லாக் காட்டிலும் இருக்காது

உங்கள் கட்டுரையில் 'ஐரோப்பியக் காடுகளில் வாழ்கிறது' என்று ஒரே வரியில் குவீடியஸ் டைலேட்டேட்டஸ் வண்டின் வாழிடத்தை முடித்துவிட்டீர்கள். கூடவே போட்ட பரவல் வரைபடத்தில் பாதிக் கண்டத்துக்கே வண்ணம் பூசியிருக்கிறது. படிப்பவர்கள் எந்தக் காட்டுக்குப் போனாலும் இது கிடைக்கும் என்றல்லவா நினைப்பார்கள்!

ரோவ் வண்டு வகையைச் சேர்ந்த இது வளர்வது கதண்டு என்னும் பெரிய குளவியின் கூட்டில். ஐரோப்பியக் கதண்டு முதிய மரப்பொந்துக்குள் கூடு கட்டும். கூட்டுக்கு அடியில் கழிவும் செத்த பூச்சிகளும் ஈரமாகக் குவிந்து கிடக்கும். அந்தக் குப்பையில் நெளியும் ஈப்புழுக்களைத் தின்றுதான் இதன் புழுக்கள் வளர்கின்றன. கொட்டும் கூட்டத்தின் காலடியிலேயே குடித்தனம்! வளர்ந்த வண்டு சுமார் 2 செ.மீ. நீளம்; கறுப்பு உடல், குட்டையான இறக்கை உறை, ரம்பப் பல்லைப் போன்ற உணர்கொம்பு. இரவில் ஓக் பட்டையில் சாறு கசியும் இடத்தில் சில நேரம் தென்படும்.

அப்புறம், கதண்டு இருந்தால் இதுவும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தென் இங்கிலாந்தில் கதண்டு சாதாரணம், இந்த வண்டோ மிக அரிது. அங்குள்ள நியூ ஃபாரஸ்ட் காடு போல பழைய மரங்கள் இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் சில இடங்களில்தான் பதிவாகியிருக்கிறது. தயவுசெய்து அந்த வரைபடத்தை மட்டுமாவது திருத்துங்கள்.